பாரா மாத்து

இட்டுக்கட்டிய சங்கதி என்று நினைப்பவர்கள், ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குத் திண்டுக்கல் பேகம்பூரைத் தாண்டித் தோல் பதனிடுகிற ஷாப்புகள் இருக்கிற பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே ஒரு மதில் வாசலில் சடையாண்டி என்கிற காவல்காரன் நின்றுகொண்டிருப்பான். பேச்சுக் கொடுத்தால் பேசுவான். பீடிக்கு நெருப்புக் கேட்டால் தருவான். கிளம்பும்போது மட்டும் அவனிடம் "வாரேன்" என்று சொல்லிவிடக் கூடாது. போன வருஷம் ஒரு வண்டிக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவர் சட்டையைப் பிடித்தவன், பொழுது விடியும்வரை விடவில்லை.

வண்டிக்காரர் மேல் தப்பே இல்லை. நம் பக்கத்தில் எவன் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறான்? போறேன் என்றால் அபசகுனம். கடன்காரனும் வாரேன் என்றுதான் சொல்கிறான். இனி இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் பண்ணிக்கொண்டு எழுந்திருக்கிற சம்பந்தியும் அதைத்தான் சொல்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்கூட ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிற பொய் இது. சடையாண்டியும் அப்படித்தான் சொன்னான். ஆனால் அவன் சொன்ன இடம் வேறு.

1943, பங்குனி மாதம். டுனீசியா தேசத்துத் தெற்குப் பாலைவனம். ஜெர்மன்காரன் மணலுக்குள் புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்கிற பட்டாளத்தில் சடையாண்டி இருந்தான். கூடவே கன்னிவாடிக்காரன் பெருமாள்சாமி. ஊர்விட்டு ஊர் வந்த இடத்தில் பத்து மைல் தூரத்து ஆள் கிடைத்தால் அவன் கூடப்பிறந்தவன் மாதிரிதான். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டார்கள்.

கூடாரம் போட்ட இடத்தில் ஒரு பழைய மதில் நின்றது. இந்த மலையிலிருந்து அந்த மலைவரை இடைவெளியை அடைத்துக் கட்டிய மதில். பாதி இடிந்து கிடந்தது. நடுவில் ஒரு வாசல் மட்டும் இரண்டு பக்கமும் காவல் அறையோடு மிச்சம் இருந்தது. அதைக் கண்டதும் லெப்டினண்டு துரைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. படித்த மனிதர். அவர் சொல்லச் சொல்ல ஹவில்தார் தமிழில் சொன்னார்.

ரோமாபுரி ராஜ்யத்தின் எல்லை அது. கட்டி ஆயிரத்து அறுநூறு, எழுநூறு வருஷம் இருக்கும். பகைவனை நிறுத்த மட்டும் கட்டியதில்லை. அந்தப் பக்கம் ஆடும் ஒட்டகமும் மேய்க்கிறவர்கள் அறுப்புக் காலத்தில் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். எல்லாரும் இந்த ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும், எண்ணிக்கை சொல்ல வேண்டும், தீர்வை கட்ட வேண்டும். "நம்மூர்ச் சுங்கச்சாவடி கணக்கா," என்றான் பெருமாள்சாமி. காவல் நின்ற சிப்பாய்கள் எந்தெந்த தேசத்துக்காரர்களோ. மதிலுக்குப் பின்னாலேயே பார்லி விதைத்து, அங்கேயே பிள்ளை குட்டி பெற்று, இருபத்தைந்து வருஷம் நிற்பார்களாம். ராத்திரியை நாலு ஜாமமாகப் பிரித்திருந்தார்களாம், நம்மைப் போலவே. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு சொல் உண்டு. அதை ஒரு சிறு பலகையிலோ ஓட்டுச்சில்லிலோ எழுதிக் கைக்குக் கை கொடுத்து அனுப்புவார்கள். சொல் தெரியாதவன் பகைவன். ஓடு எந்தக் கையில் நின்றுபோனதோ அந்தக் கைக்காரன் தூங்கிவிட்டான்.

"தூங்குனவன என்ன செய்வாக?" என்று கேட்டது சடையாண்டிதான்.

துரை சொன்னதை ஹவில்தார் சொன்னார். "கூட நின்னவங்களே கல்லாலயும் கம்பாலயும் அடிச்சுக் கொன்னுருவாங்களாம். அவன நம்பித்தான அம்புட்டுப் பேரும் படுத்தாங்க."

மறுநாள் பெருமாள்சாமி அந்த மதிலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓடு பொறுக்கினான். அன்றிலிருந்து அது இவர்கள் இருவருக்குள் விளையாட்டு. பெருமாள்சாமி கரித்துண்டால் அதில் ஒரு சொல் எழுதுவான். பாரா என்கிற காவல் முறை மாற்றும்போது ஓடு கை மாறும். ஒருநாள் 'வெஞ்சனம்'. ஒருநாள் 'சிறுமலைப்பழம்'. எல்லாம் ஊர்ச் சாப்பாட்டு நினைப்பு. வாசித்துவிட்டு இருவரும் சத்தம் வராமல் சிரிப்பார்கள். கடைசி ராத்திரி என்ன எழுதியிருந்தான் என்று சடையாண்டிக்குத் தெரியாது. வாங்கிப் பார்க்கவில்லை.

பங்குனி பதினாலு. பத்திலிருந்து இரண்டுவரை பெருமாள்சாமி. இரண்டிலிருந்து ஆறுவரை சடையாண்டி. சரியாக இரண்டு மணிக்குப் பெருமாள்சாமி கூடாரத்துக்கு வந்து, எப்போதும் போல் உள்ளங்காலில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"ஏலே, பாரா மாத்து."

"நீ போ. பின்னாடியே வாரேன்."

வாசலை வெறுமனே விடக் கூடாது. பெருமாள்சாமி அந்த வார்த்தையை நம்பித் திரும்பிப் போய் நின்றான். சடையாண்டி கம்பளியை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான். நாலு மணிக்கு ஜெர்மன்காரன் வீசிய குண்டு அந்த வாசலில் விழுந்தது. பெருமாள்சாமியோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

தூக்கம் மனித சுபாவம், அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, உன் பாரா நேரத்தில் நீ எங்கே இருந்தாய் என்று மறுநாள் விசாரணையில் கேட்டபோது அவன் சொன்னது. "அன்னைக்கு நாங்க பாராவ மாத்திக்கிட்டோம் சார். ரெண்டாம் பாரா அவனோடது. தூங்கிட்டான் போல." செத்தவன் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறான்? காவலில் தூங்கிச் செத்தவன் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. காகிதம் கன்னிவாடிக்கும் போனது. அங்கே அது பழமொழியாகவே ஆகிவிட்டது. ராத்திரி தோட்டக் காவலுக்குப் போன பையன் கண்ணயர்ந்தால், "பெருமாள்சாமி காவலால்ல போச்சு" என்பார்கள். அவன் பெண்சாதி ஜக்கம்மாள் அதே தெருவில் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

சடையாண்டி உயிரோடு ஊர் வந்து சேர்ந்தான். பல வருஷம் கன்னிவாடி பஸ்ஸில் ஏறவில்லை. பட்டாளத்தான் என்ற மரியாதைக்குத் தோல் ஷாப்பில் காவல் வேலை கிடைத்தது. முன்ராத்திரி பத்திலிருந்து இரண்டுவரை அப்பாஸ் என்ற இளவட்டம், பின்ராத்திரி இவன். மணிக்கு ஒருதரம் மதிலைச் சுற்றிவிட்டு, கேட்டில் தொங்குகிற தண்டவாளத் துண்டில் மணி அடிக்க வேண்டும். எட்டடி மதில். உச்சியில் கண்ணாடிச் சில்லுப் பதித்தது. காக்காய்கூட அதில் உட்காராது.

1958, மார்ச் 27. வியாழக்கிழமை. பங்குனி பதினாலு. தேதியைச் சடையாண்டி மறந்திருந்தான். மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

தோல் ஊறப்போடுகிற ஆவாரம்பட்டை மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் நல்ல தூக்கம். உள்ளங்காலில் இரண்டு தட்டு விழுந்தது.

"ஏலே, பாரா மாத்து."

கண்ணைத் திறக்காமலே சொன்னான். "நீ போ. பின்னாடியே வாரேன்."

காலடிச் சத்தம் தள்ளிப் போனது. டக்... டக்... டக்... ஆணி அடித்த பூட்ஸ். அது நின்று, வெகுநேரம் கழித்துத்தான் சடையாண்டிக்கு ஒன்று உறைத்தது. அப்பாஸ் பூட்ஸ் போட மாட்டான். "பாரா" என்றும் சொல்ல மாட்டான். "அண்ணே, எந்திரிங்க" என்பான்.

அதற்குப் பின்னால்தான் இன்னொன்றும் உறைத்தது. அப்பாஸ் அன்று ஊரிலேயே இல்லை. வத்தலக்குண்டில் அக்கா மகளுக்கு நிக்காஹ். சாயங்காலம் ஆறரை பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டதே சடையாண்டிதான். ராத்திரி முழுக்க இவன் ஒருவனுக்கே காவல். பன்னிரண்டு மணி அடித்துவிட்டு, சும்மா செத்த நேரம் என்று படுத்தவன்.

 அரிக்கேன் விளக்கையும் கம்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஆபீஸ் வராந்தாக் கடிகாரத்தில் மணி 2.07.

முதலில் அவனுக்கு என்ன வித்தியாசம் என்று பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. நாற்றம் இல்லை. தோல் ஷாப்பில் சுண்ணாம்பும் ஊறின தோலும் சேர்ந்து அடிக்கிற வாடை மழையில் போகாது, காற்றில் போகாது. அங்கே வேலை செய்கிறவன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் கூடவே உட்காரும். அந்த வாடை அன்று துடைத்துவிட்டாற்போல் இல்லை. குளிர்ந்தது. பங்குனி மாதத்தில், திண்டுக்கல்லில், பல் கிட்டுகிற குளிர்.

அந்தக் குளிர் அவனுக்குத் தெரிந்த குளிர்தான்.

காலடியில் நொறுநொறுவென்றது. விளக்கைத் தாழ்த்தினான். மணல். மாவு மாதிரி, வெளுத்த மணல். செம்மண் பூமியில் அது எங்கிருந்து வந்தது என்று குனிந்து தொட்டுப் பார்த்தான். 

மணி 2.15. தெற்கு மூலை. நாய்கள் இரண்டும் அங்கே சுருண்டு கிடந்தன. கண் திறந்திருந்தது. குரைக்கவில்லை. வால்கூட ஆடவில்லை.

டக்...

தலைக்கு மேலே.

டக்... டக்...

மதிலின் மேலே யாரோ நடக்கிறார்கள். கண்ணாடிச் சில்லின் மேல் பூட்ஸ் நடக்கிறது. ஒரு சில்லுகூட உடையவில்லை.

சடையாண்டி நின்றான். அதுவும் நின்றது.

இவன் ஒரு அடி வைத்தான். மேலே ஒரு அடி.

ஓடினான். கேட்டைத் திறந்து ரோட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு. மேலேயும் ஓடியது. டக்டக்டக்டக்... இவனுக்கு முந்திக்கொண்டு.

மணி 2.20 இருக்கும். கேட்டுக்குப் பக்கத்தில், மதில் மேல், ஒரு ஆள் நின்றிருந்தது. முதுகு இந்தப் பக்கம். முகம் வெளியே, இருட்டைப் பார்த்தபடி.

அந்த நிற்பு அவனுக்குத் தெரியும். இடது தோள் கொஞ்சம் இறங்கின நிற்பு.

"மணி என்ன?" என்றது.

"ரெண்டு..."

"ரெண்டு எப்பவோ ஆயிருச்சுல்ல."

சடையாண்டியின் கையிலிருந்து கம்பு விழுந்தது.

"வாரேன்னியே."

சடையாண்டி கேட்டின் பக்கம் ஒரு அடி நகர்ந்தான். 

"நின்னேன். காலு ரெண்டும் வலிச்சுச்சு. நீ வந்துருவ, நீ வந்துருவன்னு நின்னேன். குண்டு விழுந்த பெறகும் நின்னேன்ல. மாத்தாம எப்பிடி எறங்குறது?"

அப்போதுதான் வடக்கு மூலையில் அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

ஓடு கல்லில் படுகிற சத்தம். கொஞ்சம் இந்தப் பக்கமாக, மறுபடி... டிக்.

சடையாண்டி திரும்பிப் பார்த்தான்.

மதில் நெடுக ஆள்கள்.

பத்தடிக்கு ஒருவர். முழங்கால்வரை அங்கி. தலையில் இரும்புத் தொப்பி. நம் தேசத்து ஆள்கள் இல்லை. ஒரே ஒரு ஓடு அவர்கள் கைக்குக் கை மாறி வந்தது.

டிக்...

டிக்...

ஓடு வாங்காத கையில் கல் இருந்தது. சிலர் கையில் கம்பு. எல்லா முகமும் உள்பக்கம் திரும்பி இருந்தது.

இவனைப் பார்த்து.

"இவுகளுக்கு நம்ம பேச்சு தெரியாது," என்றது குரல். "ஆனா தூங்குனவன தெரியும். எறங்குவோமா, எறங்குவோமான்னு பதினஞ்சு வருசமாக் கேக்குறாக."

டிக்.

"நாந்தான் வேணாம்னேன். அடிச்சா ஒரு நிமிசத்துல போயிரும்."

கடைசிக் கை ஓட்டைப் பெருமாள்சாமியிடம் கொடுத்தது. அவன் முகம் மெல்லத் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடம் முழுக்க மணல். அது உதிர்ந்துகொண்டே இருந்தது...

ஓடு நீண்டது.

"பிடி."

பிடித்தான். கை தானாகப் போனது.

"செத்த இரு. வாரேன்."

பூட்ஸ் மதிலின் அந்தப் பக்கம் குதித்தது. டக்... டக்... கன்னிவாடி ரோட்டில் மேற்கே போனது. வெகுநேரம் கேட்டது.

காலை ஆறு மணிக்கு மேனேஜர் முகமது பாரூக் வந்தபோது சடையாண்டி கேட்டடியில் விறைத்து நின்றுகொண்டிருந்தான். தலையெல்லாம் வெளுத்த மணல். கையில் ஒரு ஓட்டுச்சில்லு. அதில் கரியால் எழுதிய ஒரு சொல் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவன் வாங்கிப் பார்க்காத சொல். 'ஜக்கம்மா.'

அன்று சடையாண்டி கன்னிவாடி பஸ்ஸில் ஏறினான். ஜக்கம்மாள் வீட்டு வாசலில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். கூடாரத்தில் சொன்ன வார்த்தை, விசாரணையில் சொன்ன பொய், ராத்திரி நடந்தது, ஒன்று விடவில்லை. அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுக்கவில்லை. ஓட்டைக் கொடுத்தான். வாங்கி, தன் பேரை வெகுநேரம் பார்த்தாள். அவர் எழுத்துத்தான் என்றாள்.

"மன்னிச்சிரு தங்கச்சி."

அவள் எழுந்து உள்ளே போனாள். வா என்று சொல்லவில்லை. அவன் பின்னால் போனான். உள்ளறையில் ஒரு கோரைப்பாய் விரித்திருந்தது.

"ராத்திரி நாலு மணிக்கு உள்ள யாரோ புரண்டு படுக்குற சத்தம் கேட்டுச்சு. விளக்க ஏத்திப் பாத்தேன். ஆளு இல்ல. இதுதான் இருந்துச்சு."

பாய் முழுக்க வெளுத்த மணல் பரவியிருந்தது. நடுவில் ஒரு ஆள் படுத்த தடம். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, இடது தோளை அமுக்கிப் படுத்த தடம். ஒரே கம்பளிக்குள் பக்கத்தில் படுத்தவனுக்கு அது யார் தடம் என்று தெரியாமல் போகுமா? சடையாண்டி அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"எந்திரி," என்றாள் ஜக்கம்மாள்.  "இந்த ஊர்ல சின்னப் பய எல்லாம் எம்புருசன் பேரச் சொல்லிச் சிரிச்சான். ஒரு நா ரெண்டு நா இல்ல. நீ எங்க இருந்த? பத்து மைல்ல இருந்த."

"தங்கச்சி..."

"அவரு இப்பத்தான் படுத்திருக்காரு. எந்திரிச்சா நானே அனுப்பி வைக்கிறேன். அதுவரைக்கும் நீ போயி நில்லு."

ஓட்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மதியம் சந்தைக்கடையில் நாலு பேர் முன்னால் அவன் தன் பொய்யை ஒத்துக்கொண்டான் என்பதும், அன்றோடு அந்தப் பழமொழி கன்னிவாடியில் நின்றது என்பதும் ஊர் அறிந்த விஷயம். அதனால் அவன் தண்டனையில் எதுவும் குறைந்துவிடவில்லை.

அன்று ராத்திரியிலிருந்து சடையாண்டிக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மதுரையில் பெரிய டாக்டர்கள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்டவர் தூங்கிப்போனார், இவன் கண் மூடவில்லை. பகலில் கட்டிலில் கிடப்பான். இமை இறங்காது. ராத்திரி ஆனால் கால்கள் தாமாக அந்த மதில் வாசலுக்கு வந்துவிடும். எட்டு வருஷம் ஆகிறது. மாதத்துக்கு ஒருமுறை அப்பாஸைக் கன்னிவாடிக்கு அனுப்பிக் கேட்டுவரச் சொல்வான். ஜக்கம்மாள் அந்த அறையைப் பூட்டியவள்தான், கூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லை. ஒரே பதில்தான் சொல்லி அனுப்புவாள்: "இன்னும் எந்திரிக்கல."

போன பங்குனியில், 1966இல், ஜக்கம்மாள் வெங்காயக் காட்டில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே விழுந்து செத்துப்போனாள். காட்டிலிருந்து கட்டிலில் தூக்கிவந்து வாசலிலேயே கிடத்தி, வாசலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். உள்ளறைப் பூட்டு அப்படியே இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் பங்காளிகள் அதை உடைத்தார்கள். அப்பாஸும் கூட நின்று பார்த்தான். திரும்பி வந்து கேட்டடியில் சொன்னான்.

"பாய் அப்பிடியேதான் இருக்குண்ணே. மணலும் அப்பிடியே இருக்கு."

"அவன் தடம்?"

"இருக்கு. இப்ப ரெண்டு தடம் இருக்குண்ணே. பக்கத்துல சின்னதா ஒண்ணு. பொம்பள தடம்."

 சடையாண்டி கையிலிருந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப அவன எழுப்பிவிட யாரு இருக்கா?" என்றான்.

 ஆபீஸ் கடிகாரத்தில் மணி இரண்டு ஆகியிருந்தது. சடையாண்டி தண்டவாளத் துண்டில் இரண்டு அடித்துவிட்டு, மறுபடி தன் இடத்தில் போய் நின்றுகொண்டான்.